எழுபது வயது வரை இதயம் காத்திருக்காது

மாரடைப்பு முதியோரின் நோய், அதிலும் ஆண்களின் நோய் என்ற எண்ணம் மக்களிடம் மட்டுமல்ல, அரசின் திட்டங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. 2024 அக்டோபரில் மோடி அரசு, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை வருமான வேறுபாடின்றி 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவுபடுத்தியது. முதியோருக்குக் கிடைக்கும் உதவியை நாம் குறைகூறவில்லை. ஆனால் இந்திய உழைப்பாளிக்கு மாரடைப்பு அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் விவரங்கள்படி, தெற்காசியாவில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாடுகளில் அது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தள்ளியே வருகிறது. இதை நமது ரத்தத்தில் ஊறிய குறை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காய்கறியும் பழமும் அருகிய உணவு ஆகியவை இளம்வயதிலேயே தாக்குவதுதான் காரணம் என்று அதே ஆய்வு காட்டியது. கூலி குறைந்த வீட்டில் பழம் எங்கிருந்து வரும்?

பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்தே முதல் மாரடைப்பு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் அந்தப் பாதுகாப்பு தேய்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் முன்பே பறிபோகிறது. விறகடுப்புப் புகையும் இதயத்தைக் கெடுக்கிறது. அதைச் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. நெஞ்சுவலியோடு மூச்சிரைப்பு, முதுகுவலி, தாடைவலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் பெண்களிடம் நோய் தலைகாட்டும். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்து, சமையலை முடித்து, கணவர் வேலையிலிருந்து திரும்பும்வரை பொறுத்திருக்கிறார்கள். ரத்தக்குழாய் அடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிந்துகொண்டிருக்கிறது.

மருத்துவமனைக்குள் சென்றபின்னும் வர்க்கம் விடுவதில்லை. 89 இந்திய மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான கிரியேட் ஆய்வில், முப்பது நாட்களுக்குள் இறந்தோர் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். பெற்ற சிகிச்சையைக் கணக்கில் கொண்டபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது ஏழையின் உயிரைப் பறித்தது நோயின் கடுமையல்ல, மறுக்கப்பட்ட சிகிச்சை.

ஆயுஷ்மான் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால்தான் பயன்படும். ஸ்டென்ட் வைத்தவர் ஆயுள்முழுதும் விழுங்கவேண்டிய மாத்திரைக்கும், மாரடைப்பே வராமல் தடுக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதில் இடமில்லை. முப்பது வயது கடந்தோரிடம் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்காக வீடுவீடாகச் செல்லும் ஆஷா ஊழியருக்கோ, "தன்னார்வலர்" என்ற பெயரில் இஎஸ்ஐ உரிமையே இல்லை. அவரும் பெரும்பாலும் நடுவயதுப் பெண்தான்.

மருத்துவத்துக்கு உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதத்தை 2025க்குள் செலவிடுவதாக 2017 தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. கெடு கடந்துவிட்டது. அந்த நிதியை ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் இசிஜி வசதியையும் இதய மாத்திரைகளையும் இலவசமாக உறுதிசெய்ய வேண்டும். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று இஎஸ்ஐ வழங்க வேண்டும். இக்கோரிக்கைகளை மாதர், தொழிற்சங்க அரங்குகள் சேர்ந்தே எடுத்துச்செல்ல வேண்டியுள்ளது.