கொடுக்கத் தெரியும், வாங்கிச் சாப்பிடத் தெரியுமா?

போன தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். எங்கள் தெருக்கோடி லைன் வீட்டில் குடியிருக்கும் பிகார்ப் பெண் ஒருவர், புருஷனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை, ஒரு எவர்சில்வர் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். எங்களுக்கும் நாலு கிடைத்தது. கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்த்துப் பிசைந்து பொரித்த பண்டம். கடித்தால் பிஸ்கட் மாதிரி இருக்கிறது, வாயில் போனதும் அதிரசத்தின் ஞாபகம் வருகிறது. தேக்குவா என்று பெயராம். சத் பூஜைக்குச் செய்வது.

மறுநாள் காலை பால் வாங்கப் போனவன், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அதே தேக்குவா பத்துப் பதினைந்து கிடப்பதைப் பார்த்தேன். நாய்கூடத் தொடவில்லை, காகிதத்தில் சுற்றியபடியே கிடந்தது. போட்டவர் யாரென்றும் தெரியும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது முன்னால் நின்று அகப்பை பிடிப்பவர். லைன் வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் சொம்போடு நின்றால், "நல்லா வாங்கிக்கோ" என்று இரண்டாவது தடவையும் ஊற்றுவார். கேட்டபோது, "எந்தத் தண்ணியில பண்ணாங்களோ சார்" என்றார்.

அந்தப் பெண் முப்பத்தாறு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து, வெங்காயம் பூண்டு வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டு, அடுப்பையே தனியாகச் சுத்தம் செய்து அதைச் செய்திருக்கிறார். நம் பக்கத்து மடியெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இதை நான் அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் சமையலின் சுகத்தைப் பற்றி நம் வயதுக்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. அம்மா வைத்த வத்தக்குழம்பு, ஆயா அரைத்த துவையல், பந்தியில் பரிமாறிய காலம், ஊரே கூடிச் சாப்பிட்ட காலம். நானும் பேசுவேன். எங்கள் எளாவூரில் தமிழும் தெலுங்கும் கலந்திருப்பது போலவே அடுப்பும் கலந்துதான் இருக்கிறது. புளிச்சக்கீரைப் பச்சடி இல்லாமல் என் மனைவிக்கு ஒரு வாரம் போகாது, அதில் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்கும் போகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சமைக்கிறவருக்கு அதில் என்ன சந்தோஷம்? எதிரே உட்கார்ந்தவர் "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று சொல்லுகிறாரே, அதுதானே? அப்படியென்றால், மற்றவர் சமைத்ததை நாம் தொடாவிட்டால், அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க மறுக்கிறோம் என்றுதானே அர்த்தம்? நாம் போடுவதை எல்லோரும் சாப்பிட வேண்டும், எல்லோரும் போடுவதை நாம் சாப்பிட மாட்டோம். இதற்குப் பகிர்தல் என்று பெயர் வைக்கக்கூடாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே கூட்டாளியைக் 'கொப்பேன்' என்போம். யாரோடு சேர்ந்து ரொட்டி தின்கிறோமோ அவன் என்று லத்தீனிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்துக் கம்பேனியனும் அதே வேர்தான். ரொட்டி கொடுப்பவன் என்று பொருள் இல்லை, கவனியுங்கள்.

இனி என் கதை. ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு அட்டெண்டர் இருந்தார். என்னைவிட நாலு வயது இளையவர், காலனியிலிருந்து வருகிறவர். மத்தியானம் நாங்கள் ஏழெட்டுப் பேர் மேஜையைச் சேர்த்துப் போட்டு டிபன் காரியரைத் திறப்போம். ஒருவர் கூட்டை இன்னொருவர் எடுப்போம், ஊறுகாய்க்குச் சண்டை போடுவோம். அவருக்கும் ஒரு கரண்டி எல்லோரும் வைப்போம், தாராளமாகவே வைப்போம். அவருடைய டப்பாவுக்குள் பத்தொன்பது வருஷத்தில் யாருடைய கையும் போகவில்லை. என் கையும் போகவில்லை. யாரும் சட்டம் போடவில்லை, பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை.

அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். மொய் 501 ரூபாய் எழுதினேன். சாப்பிடக் கூப்பிட்டபோது "வயிறு சரியில்லப்பா" என்றேன். அவர் முகம் மாறவே இல்லை. உள்ளே போய் ஒரு பாட்டில் கலரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்தார். மூடி போட்ட பாட்டில், தோல் மூடிய பழம். நம் ஊர்ப்பக்கம் இதன் அர்த்தம் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத்தில் யாரும் வைப்பதில்லை. என் சாதி எது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. கலர் பாட்டில் நீட்டப்படுகிற பக்கத்தில் இருந்தவன், அது போதும்.

இது பழைய நோய். வ.வே.சு. ஐயர் பத்து வருஷம் எங்கள் புதுச்சேரியில் இருந்தவர், பெரிய தேசபக்தர். அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணமும் போனது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகவே வேண்டியதாயிற்று. இரண்டு பிள்ளைகளின் இலைக்காக ஒரு கட்சியே ஆடிப்போனது. அதற்கு ஐம்பத்தெட்டு வருஷம் முன்பே, 1867இல், வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பை மூட்டிவிட்டார். வருகிறவரின் பசியைத் தவிர வேறெதையும் அங்கே கேட்பதில்லை.

ஆனால் தருமசாலைகளால் மட்டும் இந்த நோய் தீராது என்பதற்கு நம் காலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2022இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தது. நல்ல திட்டம். அடுத்த வருஷமே, எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற கிராமத்துப் பள்ளியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று பேச்சு வந்து, எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அரசாங்கம் சோறு போட முடியும். யார் கையால் போட்டாலும் சாப்பிடு என்று பிள்ளைக்கு வீட்டில்தான் சொல்ல வேண்டும், வீட்டில் சொல்வதோ வேறு.

"சுத்தம் பார்க்கிறோம் சார், சாதியெல்லாம் இல்லை" என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர் மீன் வேண்டாம் என்றால் நியாயம். சர்க்கரை வியாதிக்காரர் இனிப்பை ஒதுக்கினால் அதுவும் நியாயம், எனக்கே சர்க்கரை இருக்கிறது, இருந்தும் ஒன்றரைத் தேக்குவா தின்றேன். ஆனால் இந்தச் சுத்தம் பார்ப்பவர்கள் நெடுஞ்சாலை ஹோட்டலில் பரோட்டா பிய்த்துப் போடும்போது அடுக்களையில் நிற்பவர் எந்த மாநிலம், எந்தத் தெரு, எந்தத் தண்ணீர் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. காசு கொடுத்தால் தீட்டு இல்லை. அன்போடு கொடுத்தால் மட்டும் தீட்டு.

அந்த அட்டெண்டர் வீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியான வேளையில் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி பேரனைக் கூப்பிட்டுக் கையில் காசு கொடுத்தார், கலர் வாங்கி வரச் சொல்லி. "வேணாம்மா, இருக்கிற சோறு போடுங்க" என்றேன். அவர் கணவர் முகத்தைப் பார்த்தார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். பழவேற்காட்டு மடவை மீன் குழம்பு, உப்பு ஒரு கல் கூடத்தான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அந்த அம்மாள் முதலில் சிரிக்கவில்லை, மூன்றாவது கரண்டி ஊற்றும்போதுதான் சிரித்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து எனக்கு வந்த தைரியத்துக்கு யாரும் மாலை போட வேண்டாம்.

வருகிற பொங்கலுக்குத் தெருவில் வழக்கம்போல அன்னதானம் என்று வசூல் தொடங்கியிருக்கிறார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் சொன்னேன்: இந்தத் தடவை லைன் வீட்டுப் பெண்களிடம் அரிசி பருப்பு கொடுத்து ஒரு அண்டா அவர்கள் சமைக்கட்டும், காலனிப் பெண்கள் ஒரு அண்டா, நம் வீட்டில் ஒரு அண்டா. யார் யார் எதைச் சமைத்தது என்று சொல்லிவிட்டே பரிமாறுவோம், நாமும் இலை போட்டு உட்காருவோம். இரண்டு பேர் சரி என்றார்கள். அகப்பை பிடிப்பவர் "பார்க்கலாம் சார்" என்றார். என் பங்கு ஆயிரம் ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை, அந்தப் பதில் வந்த பிறகுதான் கொடுப்பதாக இருக்கிறேன்.