சர்க்கார் திட்டமும் கல்வராயன் மலையும்

நமது நாட்டில் எந்த மந்திரிசபை ஏற்பட்டாலும், அது செய்கின்ற முதற் காரியங்களில் ஒன்று நீண்டகாலத் திட்டம் என்பதாக ஒரு புஸ்தகம் போடுவதாகும். புஸ்தகத்தின் மேல் ஒரு வருஷம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வருஷம் அநேகமாக அந்த மந்திரிசபையின் ஆயுளுக்கு வெகுதூரம் அப்பால் இருக்கும். 2012-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஜெயலலிதா அம்மையார் முதன்மந்திரியாயிருந்தபோது, “தொலைநோக்குத் திட்டம் 2023” என்று ஒன்று வெளியிடப்பட்டது. பதினோரு வருஷ காலத்தில் 15 லட்சம் கோடி ரூபாய் முதல் போட்டு, தலைக்குப் பத்தாயிரம் டாலர் வருமானம் வரும்படிச் செய்வது என்றும், வறுமை என்பதே இந்த நாட்டில் இராது என்றும் அதில் சொல்லப்பட்டது. பின்பு 2021-இல் பதவிக்கு வந்த ஸ்டாலின் அவர்கள் மந்திரிசபை, 2030-க்குள் தமிழ்நாட்டின் பொருளாதாரத்தை ஒரு லட்சம் கோடி டாலர் ஆக்குவோம் என்றது. டெல்லி சர்க்காரோ இவர்கள் எல்லோரையும் மிஞ்சி 2047 என்று சொல்லிற்று.

2023 வந்தது; போயும் விட்டது. அந்தப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னது எவ்வளவு, செய்தது எவ்வளவு என்று ஜனங்கள் முன்னால் கணக்குப் படித்தவர்கள் யார்? அம்மையார் 2016-இல் காலமானார். அவருக்குப் பின் அவர் கட்சியாரே நான்கு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். எதிர்க்கட்சியாராய் இருந்தவர்கள் பிறகு ஆளுங்கட்சியானார்கள். ஒருவரும் அந்தக் கணக்கை ஜனங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. தலைக்குப் பத்தாயிரம் டாலர் என்பதில் பாதியைக்கூட 2023-இல் நாம் எட்டவில்லை என்பது கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி.

இதைப் படித்தவுடன், “இவர்கள் திட்டத்துக்கே விரோதிகள் போலும்” என்று யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. திட்டம் போடுவது என்பதே பகுத்தறிவின் காரியம். தலையெழுத்து என்றும், முன்ஜன்ம வினை என்றும், ஏழை ஏழையாயிருப்பது ஆண்டவன் கட்டளை என்றும் ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ச் சொல்லிவந்த நாட்டில், “இல்லை, வறுமை மனிதன் உண்டாக்கினது, மனிதன் கணக்குப் போட்டு அதை ஒழித்துவிடலாம்” என்று சொல்லுவதைவிட நாஸ்திகம் வேறென்ன இருக்கின்றது? ருஷ்யாவில் 1928-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கினபோது உலகமெல்லாம் திரும்பிப் பார்த்ததும், இந்தியாவில் 1951 முதல் 2017 வரை பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்ததும் இந்த எண்ணத்தினால்தான். ஆனால், திட்டத்தின் பலனைக் கண்ணால் கண்டு சோதிக்க வழியில்லாமல் செய்துவிட்டால், அது திட்டமல்ல, புராணமாய்விடும். “இப்போது கஷ்டப்படு, 2047-இல் சுகப்படுவாய்” என்பதற்கும், “இந்த ஜன்மத்தில் பொறுத்துக்கொள், அடுத்த ஜன்மத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தோழர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க. திட்டத்தைச் சோதிப்பது எப்படி? சென்னையில் புதிதாய்க் கட்டிய கட்டடங்களை எண்ணிச் சோதிப்பது ஒரு வழி. நாமோ கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஏறி, கல்வராயன் மலையில் நின்று சோதிக்கச் சொல்லுகின்றோம். கடைசி மனிதனிடம் போய்ச் சேராத திட்டம் நடுவழியில் யார் யார் கையில் தங்கிவிட்டது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த மலையில் வாழ்கின்றவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். மலையை ஆளுகின்றவர்கள் என்று பெயருக்கு அர்த்தம் சொல்லுகின்றார்கள். அர்த்தம் வெகு நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் மலையை ஆண்டவர்கள் இவர்களல்ல. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார் பரம்பரையார்தான் ஆண்டார்கள். எந்தக் காலத்து அரசனோ கொடுத்த மானியமாம். அதைச் சொல்லிக்கொண்டு உழுகிறவனிடம் வரி வாங்கி வந்தார்கள். சமவெளியில் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது 1948-இல். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் பிடி அடியோடு நீங்கினது 1976-இல். சுயராஜ்யம் வந்துவிட்டது என்று 1947-இல் கொடி ஏற்றினோமே, அந்தச் சுயராஜ்யம் மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதற்கு இருபத்தொன்பது வருஷம் பிடித்தது! அதற்குள் நான்கு ஐந்தாண்டுத் திட்டங்கள் முடிந்து ஐந்தாவதும் பாதி நடந்தாய்விட்டது.

அதன் பிறகாவது என்ன? ஐந்தாவது திட்டத்தில்தான் பழங்குடியினருக்கென்று துணைத் திட்டம் என்பதாக ஒன்று ஏற்படுத்தி, அவர்கள் தொகைக்குத் தக்கபடி பணம் ஒதுக்குவது என்று வைத்தார்கள். தொகைக்குத் தக்கபடி என்பதிலேயே சூது இருக்கின்றது. 2011-ஆம் வருஷத்துக் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். அதாவது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஒருவருக்கு நூற்றில் ஒரு பங்கு என்பது பார்வைக்கு நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால், நேற்று வரை ஒன்றுமே கொடுக்கப்படாதவனுக்கும், ஐம்பது வருஷமாய் ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அனுபவித்தவனுக்கும் தலைக்கு ஒரே அளவு கொடுத்தால், முன்னே இருப்பவன் முன்னேயும் பின்னே இருப்பவன் பின்னேயும் இருப்பதைத் தவிர வேறு என்ன நடக்கும்? ஓட்டுக் கணக்கிலும் நூற்றுக்கு ஒருவர்தானே என்கின்ற அலட்சியத்தைப்பற்றி நாம் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. மலை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் கீழ்ப்பாகம் தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து 1993-இல் விழுப்புரம் ஜில்லாவுக்கும், 2019-இல் கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்குமாகக் கை மாறிற்று. மேற்குப் பாகம் சேலம் ஜில்லாவில் கிடக்கின்றது. கலெக்டர் கச்சேரி கடலூரிலிருந்து விழுப்புரத்திற்கும், அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கும் கிட்டே வந்தது நல்லதுதான். வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துத் தனித் தாலுக்கா ஏற்பட்டதும் நல்லதுதான். கச்சேரி கிட்டே வந்த மாதிரி நிலத்தின் மேல் உரிமை கிட்டே வந்ததா என்பதுதான் நமது கேள்வி.

காட்டில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்து உழுகிறவனுக்கு நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை கொடுக்கலாம் என்றும், யாருக்குக் கொடுப்பது என்ற விசாரணையை அவனவன் ஊர்க் கிராமசபையே தொடங்கலாம் என்றும் 2006-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டம் செய்தது. 2008-இல் அந்தச் சட்டத்தின் விதிகள் வெளியாயின. அதே வருஷத்தில் தமிழ்நாட்டில் பட்டயம் கொடுப்பதற்குக் கோர்ட்டுத் தடை வந்தது. அந்தத் தடை நீங்கினது 2016-இல். நடுவே எட்டு வருஷம்! இந்த எட்டு வருஷத்திற்குள்தான் மேற்படி 2023 திட்டமும் பிறந்தது. பதினைந்து லட்சம் கோடி முதல் திரட்டத் தெரிந்த சர்க்காருக்கு ஒரு தடையை நீக்க எட்டு வருஷம் தேவையாயிருந்தது என்றால், அவசரம் எதில் இருந்தது, எதில் இல்லை என்பது விளங்கவில்லையா?

நிலத்திற்குப் பத்திரம் இல்லாதவனுக்குப் பாங்கியில் கடன் இல்லை. அவன் விளைவிக்கின்ற சாமைக்கும் மரவள்ளிக்கும், பொறுக்குகின்ற கடுக்காய்க்கும் புளிக்கும் விலை வைக்கிறவன் வியாபாரி. பிறகு அவன் என்ன செய்வான்? மூட்டை முடிச்சுக் கட்டிக்கொண்டு கூலிக்குப் போவான். ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டினால் நாளுக்கு இவ்வளவு என்று தரகன் ஆசை காட்டினால் அதற்கும் போவான். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பெரும்பாலோர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்துக் கூலிகள். கல்வராயன் மலையிலிருந்து போய் ஜெயிலில் கிடந்தவர்களும் உண்டு. மரத்தைக் கடல் கடத்தி விற்றுப் பணம் பண்ணின முதலாளி எவனும் அந்தக் காட்டில் செத்துக் கிடக்கவில்லை. அதுவும் இல்லையேல், ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவான்.

சாராயம் என்றவுடன் 2024 ஜூன் மாதம் நினைவுக்கு வருகின்றது. கள்ளக்குறிச்சி டவுனிலேயே, கருணாபுரத்தில், விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உடனே எல்லோரும் மலையைக் காட்டிப் பேசினார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது மெத்தனால் என்கிற ஆலைச் சரக்கு. அது கல்வராயன் மலையில் காய்ப்பதுமில்லை, அருவியில் வழிவதுமில்லை. கூலிக்காரன் வாங்குகின்ற பாக்கெட்டுக்குள் அது வந்து சேரும்வரை யார் யார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதல்லவா கேள்வி? இறந்தவர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். அந்தப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு அவன் உயிரோடிருந்த காலத்தில் அவன் வீட்டிற்கு எந்தத் திட்டத்தின் பேராலாவது போயிருக்குமா? டாஸ்மாக் கடைகளில் வருஷத்திற்கு நாற்பதாயிரம் கோடிக்குமேல் வரும்படி பார்த்த சர்க்கார், கடைச் சரக்கு வாங்க வகையில்லாதவன் எதைக் குடிக்கின்றான் என்று செத்த பிறகுதான் கண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லுகின்றோம். கருணாபுரத்து ஜனங்கள் துடித்தபோது அவர்களைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருந்தது. 2022-இல்தான் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டது. திட்டம் என்பது ஒழுங்காய் நடந்தால் இப்படித்தான் உயிர் காக்கும். அப்படியிருக்க, மலைமேல் உள்ள குக்கிராமத்தில் பிரசவ வேதனைப்படுகின்ற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வரும் செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கின்றோம்? அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ரோடில்லாத ஆஸ்பத்திரி கதவில்லாத வீடல்லவா! கருணாபுரத்துச் சாவுக்குப் பிறகுதான், சென்னை ஐக்கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து, மலைவாசிகளின் ரோடு, பள்ளிக்கூடம், வைத்தியம் இவைகளைப்பற்றி சர்க்காரை விசாரித்தது. அறுபது பிணம் விழுந்தால்தான் மலைக்கு வழி தெரியுமா?

தலைக்கு இவ்வளவு வருமானம் என்கின்ற கணக்கின் பித்தலாட்டத்தையும் சொல்லிவிடுவோம். ஓர் ஊரில் பத்துப் பேர். ஒருவன் களத்தில் நூறு மூட்டை நெல். மற்ற ஒன்பது பேர் வீட்டில் ஒரு மரக்காலும் இல்லை. சர்க்கார் புள்ளிவிவரக்காரர் வந்து, தலைக்குப் பத்து மூட்டை, சுபிட்சமான கிராமம் என்று எழுதிக்கொண்டு போவார். ஒரு லட்சம் கோடி டாலர் என்பதும் இதே ஜாதிக் கணக்குதான். அது ஸ்ரீபெரும்புதூர் மோட்டார் தொழிற்சாலைகளிலேயே நிறைந்துவிடலாம். இன்னாட்டிலும் சேராப்பட்டிலும் ஒரு டாலர்கூட ஏறாமலே நிறைந்துவிடலாம்.

மலையாளிகளைக் கேட்காமலே மலைக்குத் திட்டம் போடுவதுதான் இவ்வளவுக்கும் மூலம். கேரளத்தார் 1996-இல், மாகாணத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கு வரையில் பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் ஒதுக்கி, “உங்கள் ஊர்த் திட்டத்தை நீங்களே போடுங்கள்” என்றார்கள். இந்திய அரசியல் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருக்கின்றது. ஆந்திரம், ஒரிசா முதலிய பத்து மாகாணங்களில் பழங்குடிகள் வாழும் பிரதேசங்களை அதில் சேர்த்திருக்கின்றார்கள். அங்கே நிலம் எடுப்பதற்கு முன்னால் கிராமசபையைக் கலந்து பேச வேண்டுமென்றும், காட்டுச் சிறுபொருள் கிராமசபைக்கே சொந்தமென்றும் 1996-இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அந்த அட்டவணையில் ஒரு கிராமம்கூட இல்லை. சமூக நீதிக்கு நாங்களே வழிகாட்டி என்று மார் தட்டுகின்ற இந்த நாட்டில், கல்வராயன் மலையும் இல்லை, கொல்லிமலையும் இல்லை, ஜவ்வாது மலையும் இல்லை! இத்தனை கட்சியார் மாறி மாறி ஆண்டும், ஒருவரும் இதை வற்புறுத்திச் செய்து முடிக்கவில்லை.

ஆகவே, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் ஒரு வேலை சொல்லுகின்றோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கிராமசபை கூடுகின்றது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தவுடன் கலைந்துவிடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து மலைக்கிராமங்களுக்குப் போய், அங்குள்ள ஆண்களையும் பெண்களையும், முக்கியமாய்ப் பெண்களையும், சபையில் உட்காரச் செய்யுங்கள். இந்த ஊரில் வன உரிமைக்கு மனுப் போட்டவர் எத்தனை பேர், பட்டயம் வந்தது எத்தனை பேருக்கு, மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுதிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். துணைத் திட்டப் பணத்தில் இந்த ஊருக்கு என்று எழுதின தொகை எவ்வளவு, யார் கையெழுத்தில் செலவாயிற்று என்று கேளுங்கள். எங்கள் மலையை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, நகல் ஒன்றைப் பத்திரமாய் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் மறுபடியும் கேட்கலாம். கேட்டதற்கு வந்த பதிலையும், வராத பதிலையும் நமக்கு எழுதி அனுப்புங்கள். ஊர் ஊராக இங்கே அச்சிடுகின்றோம்.