களத்துக்கு வெளியே நிற்பவர்

நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன் தகடூர் அதியமான். அத்தகடூரே இன்றைய தருமபுரி. தான் பெற்ற திறனைப் பிறர் வெல்வதற்காகக் கொடுத்துவிட்டுக் களத்துக்கு வெளியே நிற்பவர் பயிற்றுநர். ஈகைக்குப் பெயர்பெற்ற இம்மண்ணிலும் அப்பணியை வாழ்க்கைத் தொழிலாக ஏற்க நம் வீடுகள் தயங்குகின்றன. ஆடி ஓய்ந்தவர்க்கு எஞ்சுவதே பயிற்றுநர் வேலை என்னும் எண்ணமே இத்தயக்கத்தின் வேர். அவ்வெண்ணம் பிழையானது.

கூடைப்பந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காகப் பழக்கூடைகளை உயரத்தில் பொருத்தி, 13 விதிகளுடன் இவ்விளையாட்டை உருவாக்கினார். பின்னர் அவர் கான்சாஸ் பல்கலைக்கழக அணியை வழிநடத்தியபோது, வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதியாக இருந்தன. அவரிடம் பயின்ற ஆலன் என்பவரோ, அதே பல்கலைக்கழகத்தில் 39 பருவங்கள் பயிற்றுநராக விளங்கிப் பெரும்புகழ் பெற்றார். ஆட்டத்தைப் படைப்பது வேறு. அதைப் பயிற்றுவிப்பது வேறு.

பந்தை எறியும்போது முழங்கை எங்கு நிற்கவேண்டும், வளரும் சிறுமியின் மூட்டு எவ்வளவு உழைப்பைத் தாங்கும், தோற்ற அணியிடம் முதலில் எதைப் பேசவேண்டும் என்பவற்றையெல்லாம் பயிற்றுநர் அறிந்திருக்க வேண்டும். உடலியலும் உளவியலும் கலந்த இவ்வறிவைப் படித்தே பெறவேண்டும். அதற்கான வாயில்கள் நம் நாட்டில் உள்ளன. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இன்றும் இயங்குகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் பட்டங்களை வழங்குகிறது. 1961இல் பாட்டியாலாவில் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம், பயிற்றுநருக்கான பட்டயப் படிப்பை நடத்துகிறது. இவற்றில் தேர்ந்தவர்கள் பள்ளி, கல்லூரி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், தனியார் பயிற்சி மையங்கள் எனப் பல இடங்களில் பணியாற்றலாம்.

நிலையான பணியிடங்கள் குறைவு, தொடக்க வருவாய் சிறிது என்று பெற்றோர் அஞ்சுவதில் உண்மை உண்டு. அதற்கு விடை, பிள்ளைகளைத் தடுப்பதன்று. பணியிடங்களைப் பெருக்குமாறு கேட்பதே ஆகும். பென்னாகரத்திலும் அரூரிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. அத்திறமையை இளமையிலேயே கண்டுகொள்ளும் கண்களே தேவை. என்றோ ஒருநாள் வந்துபோகும் பயிற்றுநரால் அது இயலாது. வயல்வேலை முடித்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளையின் களைப்பையும், மாலைப் பேருந்தைத் தவறவிட அஞ்சும் மாணவியின் பதற்றத்தையும் அறிந்தவரால்தான் அது இயலும். அத்தகையோர் இவ்வூர்களிலிருந்தே உருவாக வேண்டும்.

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆடுவோர்க்கு உயரம் துணைசெய்யும். பயிற்றுவிப்போர்க்கு அது தேவையில்லை. அணியில் இடம் கிடைக்காத மாணவரும் நாளை ஓர் அணியையே உருவாக்கலாம். அதற்குப் பள்ளி செய்யவேண்டியவை இரண்டு. உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதிருப்பது ஒன்று. மேல்நிலை மாணவர்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்பிக்கச் செய்வது மற்றொன்று. கற்பிப்பதன் இன்பத்தை அங்கே சுவைத்தவர், களத்துக்கு வெளியே நிற்பதை ஒருபோதும் இழிவாகக் கருதமாட்டார்.