இளைப்புக்காரருக்கு ‘ரெஸ்ட்’ எழுதாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல பீடி குடிச்ச தாத்தாவோ, விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளின ஆச்சியோ இருந்தா முழுசா படிச்சிருங்க.

சுரண்டை பக்கம் ஓபியில அடிக்கடி கேக்குற பேச்சு: “ஐயாவ நாங்க நடக்கவே விடுறதில்ல டாக்டர். பாவம், இளைக்குது. எல்லாம் கட்டிலுக்கே கொண்டு குடுத்துருவோம்.”

பாசம்தான். ஆனா அதுதான் அவரைப் படுக்கையில தள்ளுது. மூச்சு வாங்குதுன்னு உக்காந்தா தொடைத் தசை கரையும். கரைஞ்ச தசை அதே வேலைக்கு சீக்கிரம் களைக்கும். அப்புறம் பாத்ரூம் போறதுக்கே மூச்சு வாங்கும். இன்னும் உக்காருவார்.

சிஓபிடிக்கு இன்ஹேலர் பாதி வைத்தியம்தான். மிச்சப் பாதி பல்மனரி ரீஹேப். எட்டு வாரம், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் நடை, நாற்காலியில உக்காந்து எழும்புறது, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுறது. கெட்டுப்போன நுரையீரல் இதால திரும்பாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா திணறல் குறையும், நடக்குற தூரம் கூடும். 2015 காக்ரேன் தொகுப்பு, 65 ஆய்வுகள்.

வாரம் மூணு தடவை சுரண்டையில இருந்து பஸ் ஏறி திருநெல்வேலி போயிட்டு வர முடிஞ்சா, அவருக்கு ரீஹேபே தேவையில்லையே!

அதான் வீட்டுலயே, போன் வழியா. 2021 காக்ரேன்: 15 ஆய்வு, 1904 பேர். நேர்ல போனவங்களுக்குக் கிட்டத்தட்ட சமமான பலன். முழுசா முடிச்சவங்க போன் வழியில 93%, நேர்ல 70%. ஆய்வுகள் பெருசு இல்லதான், ஆனா ஒதுக்குற அளவுக்கு சின்னதும் இல்ல.

“கிராமத்துப் பெருசுக்கு வீடியோ கால் செட் ஆகாது சார்”னு ஒரு பதில் ரெடியா இருக்கு. துபாய் பேரன்கிட்ட தினமும் வாட்ஸாப்ல பேசுற தாத்தாவுக்கு, பிசியோகிட்ட மட்டும் பேச வராதாமா?

2021 ஆகஸ்ட் 5 தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போறாங்க. நல்ல திட்டம். பக்கவாதம் வந்தவர் பேரோட பக்கத்து வீட்டு இளைப்புக்காரர் பேரையும் எழுதிக்கோங்க. முதல் நாள் நேர்ல போய் ஒரு நிமிஷம் உக்காந்து எழும்ப வச்சு பாருங்க, பயிற்சி சொல்லிக் குடுங்க. மிச்சம் போன்ல. புதுக் கட்டடம் கேக்கல. ஒரு உத்தரவும், கூடுதல் பிசியோ போஸ்டிங்கும் போதும்.

வீட்டுக்காரங்களுக்கு: டாக்டர் பார்க்காம தொடங்காதீங்க. கொரோனாவுல வாங்கி பீரோவுல தூங்குற ஆக்சிமீட்டரை எடுங்க. பயிற்சியில 88க்கு கீழ போனாலோ, நெஞ்சு வலிச்சாலோ நிறுத்திட்டு ஆஸ்பத்திரி வாங்க. பீடியையும் நிறுத்தணும், அது தனி த்ரெட்.

அடுத்த தடவை ஓபிக்கு வந்தா, “ஐயா எவ்வளவு தூரம் நடக்கலாம்?”னு கேளுங்க. “ரெஸ்ட் எடுக்கட்டும்”னு பதில் வந்தா திரும்பவும் கேளுங்க. என்கிட்டயும்தான்.