திருப்பதி போனால் லட்டு மட்டும்தானா?

லீவுக்கு ஊருக்குப் போகும் நம்ம கூட்டத்துக்கு ஒரு வழக்கமான அட்டவணை உண்டு. மொத்தம் மூணு வாரம். அதுக்குள்ள ரெண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், தி.நகர், பல் டாக்டர், அப்புறம் "ஒரு எட்டு திருப்பதி". விடிகாலையில் சென்னையில் கார் ஏறி, 300 ரூபாய் தரிசனம் முடிச்சு, லட்டு வாங்கிக்கிட்டு ராத்திரிக்குள் வீடு. பின் சீட்டில் பிள்ளைகள் போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம்.

நான் சொல்றது, அந்த ஒரு நாளை மூணு நாளாக்குங்க. அதுக்காக ஒரு கல்யாணத்தை விட்டாலும் பரவாயில்லை (மாமா கோவிச்சுக்குவார், சமாளிங்க :-)).

அமெரிக்காவில் இருக்கிறவங்க கிராண்ட் கேன்யன் போயிருப்பீங்க. அடியில் இருப்பது மிகப் பழைய பாறை, அதன் மேல் உட்கார்ந்திருப்பது ரொம்பப் பிந்தி வந்தது, நடுவில் கோடிக்கணக்கான வருஷங்களைக் காணோம் என்று அங்கே விளக்குவாங்க. நாமும் வாயைப் பிளந்து கேட்போம். அதே அதிசயம் திருமலை மலைப்பாதையிலும் இருக்கு! கீழே பழைய கிரானைட், மேலே நகரி குவார்ட்சைட், நடுவில் அதே மாதிரி காணாமல் போன காலம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கு. மேலே கோவிலுக்குக் கொஞ்ச தூரத்தில் சிலாதோரணம், பாறை தானாகவே வளைவாக நிற்கிற இடம். யூட்டாவுக்குப் போய் இதையெல்லாம் போட்டோ எடுக்கும் நாம், இங்கே கொட்டாவி விட்டுக்கிட்டே கடந்து போறோம்.

அடுத்து அருவிகள். திருப்பதி ஊருக்குள்ளேயே, மலையடிவாரத்தில், கபில தீர்த்தம். மழைக்குப் பிறகு கோவில் குளத்தில் அருவியே வந்து விழும். தாத்தா பாட்டியோடு போகலாம். சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் தலக்கோனா. 270 அடி உயரம். வழியெல்லாம் சேஷாசலம் காடு. செம்மரத்துக்கு இயற்கையான வீடே இந்தப் பக்கத்து மலைகள்தான். இன்னும் ஒரு நாள் இருந்தால் கடப்பா தாண்டி கண்டிக்கோட்டா. 200 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டணும்தான். ஆனால் பெண்ணாறு செம்பாறையை அறுத்துக்கொண்டு போவதை ஒரு கோட்டைச் சுவரோரம் நின்னு பார்க்கிறது எல்லா இடத்திலும் கிடைக்காது. திரும்பும்போது சூளூர்ப்பேட்டை வழியா வந்தால் பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும்.

"நயாகரா பார்த்த பிள்ளைக்கு தலக்கோனா எம்மாத்திரம்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். உயரத்தையும் அகலத்தையும் வெச்சு ஒப்பிட்டால் நாம் தோத்துப்போவோம். அதனால் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லிக்கொடுங்க. நகரிப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை நகரி ஆறாக இறங்கி, கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, 1944-ல் கட்டி முடிச்ச பூண்டி ஏரிக்குப் போகுது. பக்கத்திலேயே ஆரணியாறு பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை வழியாக பழவேற்காட்டுக்குப் போகுது. 1996-லிருந்து கண்டலேறு கால்வாயில் கிருஷ்ணா நதியும் இந்தப் பக்கமாகத்தான் பூண்டிக்கு வருது. ஆக, சென்னையில் பாட்டி வீட்டுக் குழாயில் வரும் தண்ணியில் இந்த மலையும் கொஞ்சம் இருக்கு. நயாகராவைப் பற்றி அப்படி ஒரு கதை நம்மால் சொல்ல முடியுமா?

"அது ஆந்திராவாச்சே" என்பவர்களுக்கு: சித்தூரும் திருப்பதியும் 1953 வரைக்கும் சென்னை மாகாணம். நகரி, புத்தூர் கடைத்தெருவில் இன்னைக்கும் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். தண்ணிக்கு மாநில எல்லை தெரியாது.

இனி கறாரா சில விஷயம். இந்தப் பக்கம் நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஜூலையில் போய் நின்னுட்டு "தண்ணியே இல்லை" என்று திட்டாதீங்க. கிறிஸ்துமஸ் லீவில் போங்க. நாகலாபுரம், தடா அருவி என்று யூடியூபில் பார்த்துட்டு குழந்தைகளோடு காட்டுக்குள் இறங்காதீங்க. அங்கே ஆழமான மடுக்கள் இருக்கு, உயிர்களும் போயிருக்கு. மழையால் வனத்துறை பாதையை மூடினால், "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கோம், கொஞ்சம் விடுங்க" என்று கெஞ்சக் கூடாது. யோசெமிட்டியில் ரேஞ்சர் முடியாதுன்னா வாயை மூடிக்கிட்டுத் திரும்புறோம் இல்லையா? இங்கேயும் அப்படியே திரும்புங்க. சிப்ஸ் பாக்கெட்டையும் கையோடு எடுத்துட்டு வாங்க. அங்கே போடுற குப்பை தண்ணியோடு சேர்ந்து பயணம் பண்ணும்.

இதெல்லாம் எதுக்குன்னா, இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் பிள்ளைகள் தங்கள் லீவைத் தாங்களே முடிவு பண்ணுவாங்க. அப்போ ஊர் என்றதும் கல்யாண மண்டப நாற்காலியும் நீளமான க்யூவும் மட்டுமே ஞாபகம் வந்தால், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருவாங்களா? எனக்குச் சந்தேகம்தான். பெருமாளை நிதானமா சேவிங்க. அப்புறம் அவர் நிற்கிற மலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்க.