மன்னிப்பு போதாது, அந்த அறிக்கையை வெளியிடுங்கள்

கொவிட் காலத்தில் 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்ததற்காக இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. இந்த நாட்டில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்பதே அபூர்வம். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் யார்? எந்த ஆய்வை வைத்து எடுத்தார்கள்? அது நிற்காது என்று நாட்டின் வைத்தியர்களே சொன்ன பிறகும் ஏன் விடாப்பிடியாக நின்றார்கள்? இவற்றுக்கு அந்த மன்னிப்பில் பதில் இல்லை. பதில் சொல்லாமல் இந்தக் கோப்பை மூட எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது.

நடந்ததைத் திகதி வாரியாகப் பார்த்தாலே போதும். 2020 மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் தன் வழிகாட்டலை வெளியிட்டது. கொவிட்டால் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம். தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று அது தெளிவாகவே சொன்னது. இலங்கை சுகாதார அமைச்சு அதே மாதக் கடைசியில் வெளியிட்ட முதல் வழிகாட்டலும் புதைப்பதற்கு இடம் கொடுத்திருந்தது. நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் மரணம் நிகழ்ந்ததும் எல்லாம் மாறியது. சில நாட்களுக்குள் வழிகாட்டல் திருத்தப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி விசேட வர்த்தமானி வந்தது: 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை எரிக்க வேண்டும். குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை, நல்லடக்கம் இல்லை. சாம்பல் மட்டும்.

புதிய நோய் என்பதால் முதல் சில வாரங்கள் அளவுக்கு மீறிய எச்சரிக்கை இருந்திருக்கலாம். அதை எவரும் மன்னிக்கலாம். ஆனால் அந்த வர்த்தமானி 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வரை, ஏறத்தாழ பத்தரை மாதங்கள் உயிரோடு இருந்தது. கொவிட் மரணங்களைச் சந்தித்த ஏனைய நாடுகளில் பெரும்பாலானவை அத்தனை காலமும் தங்கள் மக்களைப் புதைத்துக்கொண்டுதான் இருந்தன. கல்லறையிலிருந்து கொவிட் பரவியதாக எங்கிருந்தும் செய்தி வரவில்லை.

எரிப்பதற்கு, அரசு நியமித்த நிபுணர் குழுவின் பேரில் சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். நீர்மட்டம் உயர்ந்த நாடு இது, புதைத்தால் கிருமி கிணற்றுக்கு வந்துவிடும் என்றார்கள். வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். இறந்த உடலில் அது பெருகாது. உறையில் இட்டு, ஆழமாகக் குழி வெட்டி மூடினால் மண்ணே அதை வடிகட்டிவிடும். கிருமி நீரில் கலக்கும் பாதை ஒன்று உண்டு என்றால் அது உயிரோடிருக்கும் நோயாளிகளின் மலசலக்கூடம்தான். ஆயிரக்கணக்கான நோயாளிகள் வைத்தியசாலைகளில் இருந்த காலம் அது. அந்தக் கழிவுநீரைப் பற்றிக் கவலைப்படாமல் மையவாடியைப் பார்த்து மட்டும் பயந்தது என்ன விஞ்ஞானம்? 2024இல் அமைச்சரவைக்கு முன் வைக்கப்பட்ட ஆய்வும் இதையே சொன்னது: நீரில் அந்த வைரஸ் சேர்வதற்கு மனிதக் கழிவே முக்கிய காரணம், பாதுகாப்பான முறையில் புதைப்பது அல்ல.

இதைவிடக் கொடுமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில், இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்கம் செய்ய முடியுமா என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அந்நாட்டு அரசிடம் கேட்டிருந்தார். இதை மாலைதீவின் வெளிநாட்டு அமைச்சரே பகிரங்கமாகச் சொன்னார். மாலைதீவு பவளத் தீவுகளால் ஆன நாடு. அங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினால் நன்னீர் தட்டுப்படும். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று உண்மையாகவே நம்பிய ஓர் அரசு, மிக மேலோட்டமான நிலத்தடி நீரைக் கொண்ட தீவு நாட்டுக்கு அந்த உடல்களை அனுப்ப நினைக்குமா? அவர்கள் பயந்தது நீருக்கு அல்ல. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது மூட்டப்பட்ட வெறுப்பில் வாக்குச் சேர்த்து ஆட்சிக்கு வந்தவர்கள், அந்த வாக்காளருக்குக் காட்டிய உறுதிமொழி இந்த எரிப்பு.

அதே டிசம்பரில்தான் பிறந்து 20 நாளேயான குழந்தை ஒன்று கொழும்பில் எரிக்கப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட மறுத்தார்கள். கெஞ்சினார்கள். எரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனது அரசு. அடுத்த நாட்களில் எல்லா இனத்தவரும் பொரளை கனத்தை மயானத்துக்கு வந்து, அதன் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத கபன் அது. இரவோடு இரவாக யாரோ அவற்றை அறுத்தெறிந்தார்கள். அதன் பிறகு நாட்டின் பல இடங்களிலும் மக்கள் வீட்டு வாசலிலும் மதிலிலும் வெள்ளைத் துணி கட்டினார்கள். நெஞ்சில் ஈரமுள்ள அரசாக இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். நிற்கவில்லை. பிரேத அறையிலிருந்து உடலைப் பொறுப்பேற்க மறுத்த குடும்பங்களின் உறவினர்களையும், உரிமை கோரப்படாத உடல்கள் என்று சொல்லி எரித்தார்கள்.

நிபுணர்கள் சொன்னதைத்தானே அரசு கேட்டது என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. எந்த நிபுணர்கள்? 2020 டிசம்பர் கடைசியில் சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரி புதைப்பதற்கு அனுமதிக்கலாம் என்றது. 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையே சொன்னது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழுவும் உரிய பாதுகாப்போடு இரண்டையும் அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. இத்தனை பேர் சொன்ன பிறகு, அதே ஜனவரியில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில் எழுந்து, தீர்மானம் மாறாது என்றார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவர் கொவிட்டை விரட்டுவதற்காக மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் விட்டிருந்தார். காளி அம்மன் அருளிச் சொன்னதாகக் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் காய்ச்சிய தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டியிருந்தார். அந்தப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கேகாலையில் முண்டியடித்தார்கள். கூட்டம் கூடத் தடை இருந்த நாட்கள் அவை. பாணிக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. புதைப்பதற்கு மட்டும் எத்தனை ஆதாரம் வந்தாலும் போதவில்லை. ஒரே அமைச்சு, ஒரே பருவம்.

நீதி கேட்டுப் போன இடத்திலும் கதவு திறக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல் மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் திகதி விசாரணைக்கே எடுக்காமல், காரணமும் கூறாமல் தள்ளுபடி செய்தது.

பிறகு எது மாற்றியது? 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ புதைக்க அனுமதிப்போம் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். மறுநாளே அது நிபுணர் குழுவின் கையில் உள்ளது என்று அரசாங்கம் பின்வாங்கியது. 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் வந்திறங்கினார். ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டம் தொடங்கியிருந்தது. இலங்கைக்கு எதிரான தீர்மானத்தில் முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது. 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. அந்த இரண்டு வாரங்களில் நிலத்தடி நீரில் என்ன மாற்றம் வந்தது? எந்தப் புதிய ஆய்வு வந்தது? ஒன்றும் இல்லை. விருந்தாளி வந்ததும் மாறக்கூடிய ஒன்றுக்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டி, அதை வைத்து மக்களைச் சுட்டெரித்திருக்கிறார்கள்.

அனுமதி கொடுத்தபோதும் மனம் வந்து கொடுக்கவில்லை. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். போரில் இடம்பெயர்ந்து, போராடித் தங்கள் தீவுக்குத் திரும்பிய தமிழ் மீனவக் குடும்பங்களின் மண் அது. இரண்டு சிறுபான்மை மக்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் ஏற்பாடு என்று இரு தரப்புமே எதிர்த்த பிறகு, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகர் ஒதுக்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2022 மார்ச் வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அந்த ஒரே நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டன. தாயின் கபுறடியில் நின்று துஆ கேட்க இன்றும் நாட்டின் மறுகோடியிலிருந்து பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குப் போவதற்கு ஓர் இடமாவது உண்டு. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று தமிழர்கள் ஒதுங்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி, கட்டாயத் தகனத்தை நிறுத்து என்ற கோரிக்கையையும் சுமந்தே போனது.

ஆதாரத்தை மிதிக்கும் பழக்கம் மையவாடியோடு நின்றுவிடாது. புதைக்க அனுமதித்த இரண்டு மாதங்களில் அதே ஜனாதிபதி இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார். பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வதாகத் தேர்தலில் சொன்னதை ஒரே போகத்தில் செய்தார். விளைச்சல் சரியும் என்று எச்சரித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே ஆலோசனைப் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். நெல் சரிந்தது, தேயிலை சரிந்தது, அரிசியில் தன்னிறைவாக இருந்த நாடு கப்பலை எதிர்பார்த்து நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினார்கள். உரத் தடையின் விலையை முழு நாடும் கொடுத்ததால் ஜனாதிபதி ஓட வேண்டிவந்தது. ஜனாஸா எரிப்பின் விலையை ஒரு சமூகம் மட்டும் கொடுத்ததால் எவரும் எதையும் இழக்கவில்லை. இந்த வேறுபாடு நம் எல்லோருக்கும் வெட்கம்.

மன்னிப்புக் கேட்ட அமைச்சரவை இன்று பதவியில் இல்லை. மாற்றம் என்று சொல்லி வாக்குப் பெற்றவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். முந்தைய அரசின் தவறு என்று அவர்கள் கைகழுவ முடியாது. அரசாங்கம் மாறினாலும் அரசு ஒன்றுதான். முதல் நிபுணர் குழுவின் அறிக்கை, அதில் இருந்தவர்களின் பெயர்கள், கூட்டக் குறிப்புகள், அவர்கள் வைத்த ஆதாரங்கள், அரசியல் மட்டத்திலிருந்து அவர்களுக்குப் போன கடிதங்கள் அத்தனையும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். 2020 மார்ச் கடைசியில் வழிகாட்டலை மாற்றச் சொன்னது யார் என்பதைச் சுயாதீன விசாரணை கண்டறிய வேண்டும். தெரிந்தே தவறான ஆலோசனை கொடுத்த வைத்தியரோ பேராசிரியரோ இருந்தால் அவரவர் தொழில்சார் பேரவைகளும் பல்கலைக்கழகங்களும் அவர்களை விசாரிக்க வேண்டும். இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றைக் கொண்டுவருவதாக 2024 அமைச்சரவை வாக்குறுதியளித்தது. அது பொதுச் சுகாதார நெருக்கடியிலும் செல்லுபடியாகும் சட்டமாக இருக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோயில் எந்தக் குழு எதைச் சொன்னாலும், அதன் ஆதாரம் அன்றே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு வேண்டும். பெட்டிக்கும் எரிப்புக்கும் பணம் வாங்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பணமாவது முதலில் திரும்பப் போக வேண்டும்.

இவற்றில் முதலாவதைச் செய்வதற்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். சுகாதார அமைச்சின் அலுமாரியைத் திறந்தால் போதும். எதன் பேரில் தங்கள் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் எரித்தீர்கள் என்பதை வாசித்தறியும் உரிமை அந்த 276 பேரின் குடும்பங்களுக்கு உண்டு. அந்த அறிக்கையை வெளியிடுங்கள்.