அநாதை எனக் குறிக்கப்படும் முன்

‘இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய கம்பிக்கு இன்னும் எதற்கு ஐயா நிரல்? தூக்கி எறிய வேண்டியதுதானே!’

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கணினித்துறையில் பணியாற்றும் இளைய நண்பர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

எந்தக் கம்பி என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஆப்பிள் நிறுவனம் முன்னின்று வளர்த்து, 1995இல் ‘ஐ.இ.இ.இ. 1394’ என்னும் தரமாக வெளிவந்த ‘ஃபயர்வயர்’தான் அது. சோனி நிறுவனம் இதையே ‘ஐ.லிங்க்’ என்று அழைத்தது. 2000களில் மினி டி.வி. நாடாவில் பதிவு செய்த வீடியோ கேமராக்கள் பலவும் இந்தக் கம்பி வழியாகத்தான் கணினியோடு பேசின.

எம் கல்லூரித் தமிழ்த்துறையின் இரும்பு அலமாரியில் அத்தகைய நாடாக்கள் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றன. களப்பணிக்குச் சென்ற மாணவர்கள் விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்த கூத்துகள், ஒப்பாரிகள், நடவுப் பாட்டுகள். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரமே ஆகும்; அதற்கு விரைவு வழி கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் கேமரா ஓட வேண்டும், கம்பி இருக்க வேண்டும், கணினியில் அதற்கான அட்டை இருக்க வேண்டும். இவை மூன்றும் இருந்தாலும், அட்டையில் உள்ள கட்டுப்படுத்தியோடு பேசத் தெரிந்த நிரல் இல்லாவிட்டால் யாவும் வீண்.

அந்த நிரலுக்குத்தான் இயக்கி, அதாவது டிரைவர், என்று பெயர். இயங்குதளத்தின் உள்ளீடாக இருக்கும் கெர்னலில் அது குடியிருக்கிறது. கருவிகளுக்கிடையே தரவைச் சுமந்து செல்லும் பொதுப்பாதைக்குப் ‘பஸ்’ என்று பெயர். அந்தப் பாதையில் யார் எப்போது பேசலாம் என்று முறை வகுப்பது கட்டுப்படுத்தி. ஃபயர்வயர் பாதையில் அந்த முறை நொடிக்கு 8000 தடவை வகுக்கப்படுகிறது. நாடாவில் கூத்துக்காரர் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் இந்தத் தாளக்கட்டுக்குள்தான் கணினியை வந்தடைகிறது.

நண்பர் கேட்கிறார்: ‘லினக்ஸ் திறமூலம்தானே? நிரல் அங்கேயே இருக்கும். அதைப் பேண ஆள் எதற்கு?’ நம் காலத்தின் பெரிய மூடநம்பிக்கை இதுவே என்போம். பூட்டில்லாத வீடு என்பதாலேயே கூரை ஒழுகாமல் இருந்துவிடுமா?

லினக்ஸ் கெர்னலின் உள்ளமைப்பு ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. உள்ளே ஒரு செயற்கூற்றின் வடிவத்தை ஒருவர் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் இயக்கிகள் அனைத்தையும் அவரே திருத்தித் தருவது மரபு. நல்ல மரபுதான். ஆனால் திருத்துபவரின் மேசையில் அந்தப் பழைய அட்டையெல்லாம் இருக்குமா? பிழையின்றித் தொகுக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம் பொருளுள்ள வாக்கியமாகிவிடாது என்பது தமிழ் படித்த நமக்குத் தெரியும். உண்மையான அட்டையைச் செருகி, உண்மையான கேமராவை ஓட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். அவரே பேணுநர்.

கெர்னலோடு பேணுநர் பட்டியல் ஒன்றும் வருகிறது. இயக்கிகள் முதலான ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே அதன் நிலை எழுதப்பட்டிருக்கும்: ஊதியம் கொடுத்துப் பேணப்படுவது, ஒருவர் பொறுப்பில் பேணப்படுவது, நேரம் கிடைக்கும்போது மட்டும் திருத்தப்படுவது, அநாதை, வழக்கொழிந்தது. ‘அநாதை’ என்பது நாம் மிகைபடச் சொல்வதன்று. அந்தப் பட்டியலின் சொல்லே அதுதான். ஆளில்லாத நிரலை ஒளிவுமறைவின்றி ஆளில்லாதது என்று எழுதிவைக்கும் அந்த நேர்மை நம் ஆவணக்காப்பகங்கள் எத்தனைக்கு உண்டு?

ஃபயர்வயர் பகுதியின் பொறுப்பை 2023இல் தகாஷி சகமோட்டோ என்பவர் ஏற்றார். ஃபயர்வயர் ஒலிக்கருவிகளுக்கு நெடுநாளாக இயக்கி எழுதிவந்தவர். 2029 வரை பேணுவது, அதற்குள் பயனர்களை வேறு வழிக்கு மாறச் செய்வது, பிறகு பணியை முடித்துவைப்பது என்று அப்போதே திட்டத்தை அறிவித்தார்.

அவர் பணி எத்தகையது என்பதற்கு ஒரே ஒரு சான்று. 2023இல் வெளியான 6.5ஆம் பதிப்புக்குப் பின், ஏ.எம்.டி. ரைசன் கணினி சிலவற்றில் ஃபயர்வயர் அட்டையைச் செருகினால் கணினி எந்த முன்னறிவிப்பும் இன்றி அணைந்து மீண்டும் எழுந்தது. காரணம் விந்தையானது. வியா நிறுவனத்தின் பழைய கட்டுப்படுத்திச் சில்லு ஒன்று; அதைப் புதிய கணினியோடு இணைக்கும் ஏஸ்மீடியா பாலச்சில்லு ஒன்று; ரைசன் ஒன்று. இம்மூன்றும் கூடிய இடத்தில் மட்டும், கட்டுப்படுத்தியின் கடிகாரப் பதிவகத்தைப் படித்தாலே கணினி சரிந்தது. இன்டெல் கணினியில் அந்தச் சிக்கல் இல்லை. வேறு கட்டுப்படுத்தியிலும் இல்லை. இந்தச் சேர்க்கையைக் கண்டால் அந்தப் பதிவகத்தைத் தொடாதே என்னும் திருத்தம் 2024 ஜனவரியில் வெளியான 6.7இல் இடம்பெற்றது. திருத்தம் சிறிது, அதைத் தேடிக் கண்டடைந்த உழைப்பு பெரிது. பேணுநர் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘அந்த அட்டை கெட்டுவிட்டது’ என்று நாம் குப்பையில் போட்டிருப்போம். நாடாக்களும் பின்னாலேயே போயிருக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. எவரும் சோதிக்காத நிரலைச் சுமப்பது ஆபத்துதான். ஃபயர்வயர் தன்னோடு இணைந்த கருவியைக் கணினியின் நினைவகத்தையே நேராகத் தொடவிடும் இயல்புடையது. அதனால் பாதுகாப்புக் கேடுகளும் விளைந்ததுண்டு. ஐ.பி.எம்.மின் மைக்ரோ சேனல் பாதைக்கான நிரலை 2012இல் லினக்ஸ் நீக்கியபோது நாம் அழவில்லை. எல்லாம் என்றென்றும் வாழ வேண்டும் என்பது நம் வாதமன்று. எது சாகிறது, எப்போது சாகிறது, அதற்குள் எதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும் என்பதே நம் வாதம். ஃபயர்வயரைப் பெற்ற ஆப்பிள் நிறுவனமே 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் அதைக் கைவிட்டது. அது மூடிய தளம். பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று வெளியிலிருந்து ஒருவர் அங்கே கை உயர்த்த முடியாது. லினக்ஸில் முடிந்தது, ஒருவர் உயர்த்தினார். ஆனால் ஒரே ஒருவர்! அந்த ஒற்றை எண்ணே நம்மை அச்சுறுத்துகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? பனையோலை நம் தட்பவெப்பத்தில் நெடுங்காலம் நிற்பதில்லை. சில தலைமுறைக்கு ஒருமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதியதால்தான் சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது. பாடிய புலவரின் பெயரால் இருக்கை அமைக்கிறோம், விருது வழங்குகிறோம். பெயர்த்து எழுதியவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? படைத்தவனைத் தொழுது, காத்தவனை மறக்கும் அதே வழக்கத்தைத்தான் இன்று நிரலுலகிலும் காண்கிறோம். புதிய செயலி செய்தவனுக்கு மேடை. பழைய இயக்கியைக் காப்பவனுக்கு நம் நண்பர் கூட்டத்தின் சிரிப்பு.

நம் கல்விநிலையங்கள் ‘எண்ணிமமாக்கம்’ என்ற பெயரில் என்ன செய்கின்றன? ஒருமுறை நிதி வரும், கருவி வாங்கப்படும், திறப்பு விழா நடக்கும், புகைப்படம் வரும். அதை ஓட்டுவதற்கும் ஆண்டுதோறும் பேணுவதற்கும் ஓர் ஆளுக்கு ஊதியம் என்றால் கோப்பு நகராது. கருவிக்குத் தலைப்பு உண்டு, மனிதருக்கு இல்லை. காப்பது ஒருநாள் விழா அன்று, அன்றாட வேலை. அன்றாட வேலைக்கு அன்றாடக் கூலி வேண்டும்.

ஆகவே நண்பருக்கு நம் விடை இது. அந்தக் கம்பிக்கு நிரல் வேண்டும். ஏனெனில் அதன் மறுமுனையில் இறந்தவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இந்தப் பக்கம் அழைத்து வருவதற்கு, முகம் தெரியாத ஒருவர் 2029 வரை கதவைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லைக் காப்பாற்றுவாரா என்று கேட்பதற்கு முன், நாம் நம் அலமாரியைத் திறந்தோமா என்று கேட்டுக்கொள்வோம். நாற்பது நாடா, நாற்பது மணி நேரம். அவ்வளவுதான்.